சென்னை மாகாணத்து நகரங்களின் மக்கட்பெருக்கமும் மாற்றமும்

1. முன்னுரை

தமிழகம் மூதூர்கள் மலிந்த நாடு. புகார், உறையூர், மதுரை, காஞ்சி, கொற்கை என்னும் பெயர்கள் சங்க நூல் பயின்றார் அனைவர்க்கும் பழக்கமானவை. இவற்றுள் புகார் இன்று கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூர். கொற்கை, கடல் விலகினமையால் உள்நாட்டு ஊராயிற்று. உறையூர் திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாய் அடங்கிற்று. காஞ்சி நெசவாலும் கோயில்களாலும் நிலைபெற்று வாழ்கின்றது. மதுரை ஒன்றே பழம்பெருமையையும் புதுப்பெருக்கத்தையும் ஒருங்கே எய்தியது. மற்றொரு புறம், சங்க நூல்களில் பெயர் காணாத கோயம்புத்தூரும் சேலமும் பெருநகரங்களாய் உயர்ந்துள்ளன. ஒரே நாட்டில், ஒரே ஆட்சியின்கீழ், ஒரே காலத்தில் சில நகரங்கள் பெருகியதற்கும் சில நகரங்கள் நின்ற நிலையிலேயே நின்றதற்கும் காரணம் யாது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

இவ்வாராய்ச்சிக்கு 1871-ஆம் ஆண்டைத் தொடக்கமாகவும் 1951-ஆம் ஆண்டை இறுதியாகவும் கொள்கின்றோம். முன்னது சென்னை மாகாணம் முழுவதிலும் முறைப்படி குடிக்கணக்கு எடுக்கப்பெற்ற ஆண்டு. பின்னது, 1953-இல் ஆந்திர நாடு தனியே பிரியுமுன் பழைய மாகாணத்தின் பெரும்பகுதி ஒருங்கிருந்த காலத்து இறுதிக் கணக்கு. மாகாணம் தெலுங்கு, மலையாள, கன்னட நாட்டுப் பகுதிகளையும் தன்னுட்கொண்டிருந்ததாயினும், நம் ஆராய்ச்சி தமிழ் மாவட்டங்களையே பெரிதும் பற்றி நிற்கும்; வேண்டுமிடத்துப் பிற பகுதிகளையும் சுட்டுவோம்.

2. ‘நகர்’ என்னும் சொல்லும் கணக்காளர் கொண்ட பொருளும்

நகரங்களின் மக்கட்டொகையை ஆராய்வார்க்கு முதலில் எழும் வினா, நகரம் என்பது யாது என்பதாம். சங்க நூல்களில் ‘நகர்’ என்னும் சொல் அரண்மனையையும் வளமனையையும் கோயிலையும் குறித்துப் பலவிடங்களில் வருகின்றது. சோழர் காலக் கல்வெட்டுக்களில் ‘நகரம்’ என்பது வணிகர் அவையைக் குறிக்கும். ஊரவை, சபை என்பவற்றோடு ஒப்ப நின்ற ஓர் ஆட்சி அமைப்பு அது. மக்கள் மிகுதியாக வாழும் இடத்தைக் குறிக்க மூதூர், பேரூர், பட்டினம் முதலிய சொற்கள் வழங்கின. பிற்காலத்தே சந்தை கூடிய இடம் பேட்டை எனவும், படை தங்கிய இடம் பாளையம் எனவும் பெயர் பெற்றன. ஆதலின் நம் முன்னோர் ஓர் ஊரைப் பெயரிட்டு அழைத்தபோது அங்கு வாழ்ந்தோரின் எண்ணிக்கையைக் கருதினாரல்லர். அவ்வூர் செய்த தொழிலையே கருதினர் என்பது போதரும்.

ஆங்கில ஆட்சியின் கணக்காளரோ எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டனர். நகராண்மைக் கழகம் உள்ள ஊர்களும், படைவீடுகளும், ஐயாயிரம் பேருக்குக் குறையாமல் வீடுகள் தொடர்ந்திருக்க வாழும் இடங்களுள் நகரத் தன்மை உடையன எனக் கணக்கு மேலாளர் கருதியவையும் நகரங்கள் எனப்பட்டன. இவ்விலக்கணத்தில் மேலாளரின் கருத்துக்கு இடமிருந்தது. ஐயாயிரவர் வாழும் நெல் விளையும் சிற்றூரை நகரெனக் கொள்ளலாமா என்ற ஐயம் ஒவ்வொரு கணக்கிலும் எழுந்தே தீரும். 1961-ஆம் ஆண்டிலேதான் இவ்வரையறை திட்டமாக்கப் பெற்றது. நகராண்மை முதலிய சட்ட அமைப்பு இல்லாத ஊராயின், ஐயாயிரம் மக்கள் வேண்டும். உழைக்கும் ஆடவருள் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மை அல்லாத தொழில் செய்தல் வேண்டும். குறிப்பிட்ட நெருக்கமும் வேண்டும் என வகுத்தனர். ‘தொழிலே ஊரின் இலக்கணம்’ என்ற பழங்கருத்து எண்ணிக்கையோடு மீண்டும் வந்து இணைந்தது எனலாம்.

3. கணக்குக்களின் வரலாறும் அவற்றை நம்பும் அளவும்

1871-க்கு முன்னரும் மாகாணத்தில் மக்களை எண்ணும் முயற்சிகள் நடந்தன. 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாவட்ட அலுவலர்கள் வழித் தொகை திரட்டப்பெற்றது. எனினும் 1871-ஆம் ஆண்டு நவம்பரில் எடுக்கப்பெற்ற கணக்கே ஒருநெறிப்பட்ட முதற்கணக்கு. அதன் அறிக்கையை வரைந்தவர் கார்னிஷ் என்னும் மருத்துவர். அதன்பின் 1881-இல் மக்கைவர், 1891-இல் ஸ்டூவர்ட், 1901-இல் பிரான்சிஸ், 1911-இல் மலோனி, 1921-இல் போக், 1931-இல் ஈட்ஸ் ஆகியோர் பொறுப்பேற்று அறிக்கைகள் எழுதினர். ஈண்டு நாம் ஆளும் எண்கள் இவ்வறிக்கைகளின் வழி வந்தவை.

இவ்வெண்களைக் கையாளுவோர் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, 1931 வரையில் மக்கள் ஒரே இரவில், அன்று எவ்விடத்தில் இருந்தனரோ அவ்விடத்திலேயே எண்ணப்பட்டனர். எனவே திருவிழாவோ கொள்ளைநோயோ நேர்ந்தவிடத்து ஊரின் தொகை இயல்பினும் கூடியோ குறைந்தோ தோன்றும். இரண்டாவது, நகரெல்லை விரியுந்தோறும் ஒருவரும் குடிபெயராமலே தொகை கூடும். 1946-இல் சென்னை நகரின் எல்லை விரிக்கப்பெற்றுச் சைதாப்பேட்டை முதலிய புறவூர்கள் அதனுட் சேர்ந்தன. 1941-இல் 7,77,481 ஆக இருந்த தொகை 1951-இல் 14,16,056 ஆனதில் இவ்விரிவுக்கும் பங்குண்டு. அம்முழுப் பெருக்கத்தையும் குடியேற்றம் எனக் கொள்வார் இடர்ப்படுவர். மூன்றாவது, 1941-ஆம் ஆண்டுக் கணக்கு போர்க்காலத்தே சுருக்கமாக முடிக்கப்பெற்றது. ஆதலின் ஊர்த்தொகைக்கு அப்பால் நுணுக்கமான செய்திகளை அதிலிருந்து பெறுதல் அரிது.

4. பெருக்கத்தின் அளவு

மாகாணத்தின் பெருநகரங்கள் சிலவற்றின் மக்கட்டொகையைக் கீழே நிரல்படத் தருகின்றோம். நான்கு எண்களும் முறையே 1871, 1901, 1941, 1951 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை.

சென்னை: 3,97,552, 5,09,346, 7,77,481, 14,16,056.
மதுரை: 51,987, 1,05,984, 2,39,144, 3,61,781.
திருச்சிராப்பள்ளி: 76,530, 1,04,721, 1,59,566, 2,18,921.
சேலம்: 50,012, 70,621, 1,29,702, 2,02,335.
கோயம்புத்தூர்: 35,310, 53,080, 1,30,348, 1,97,755.
தஞ்சாவூர்: 52,171, 57,870, 68,702, 1,00,680.
கும்பகோணம்: 44,444, 59,623, 67,008, 91,643.

1871-இல் மதுரை, தஞ்சாவூர், சேலம் என்னும் மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவினவாய் இருந்தமை நோக்கத்தக்கது. தஞ்சாவூர் அன்று மதுரையினும் சிறிதே பெரிதாய் இருந்தது. கோயம்புத்தூர் கும்பகோணத்தினும் சிறியது. எண்பது ஆண்டுகள் கழித்து மதுரை தஞ்சையைப் போல் மூன்றரை மடங்கும், கோயம்புத்தூர் கும்பகோணத்தைப் போல் இரு மடங்குக்கு மேலும் பெருகி நின்றன. 1901-இல் மாகாணம் முழுவதிலும் நூறாயிரத்தைக் கடந்த நகரங்கள் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி என மூன்றே இருந்தன. 1941-க்குள் சேலமும் கோயம்புத்தூரும் அவ்வரிசையிற் புகுந்தன. தஞ்சை அவ்வெல்லையைத் தொட்டது 1951-இல்தான்.

இவற்றை நாட்டின் பொதுப் பெருக்கத்தோடு ஒப்பிடல் வேண்டும். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1901-இல் 1,92,52,630 பேரும் 1941-இல் 2,62,67,507 பேரும் வாழ்ந்தனர். நாற்பதாண்டுகளில் நாடு நூற்றுக்கு 36 வீதம் பெருகியது. அதே நாற்பதாண்டுகளில் தஞ்சாவூர் நூற்றுக்கு 19 வீதமும், கும்பகோணம் 12 வீதமுமே பெருகின. அஃதாவது, இவ்விரு நகரங்களும் நாட்டுப் பெருக்கத்தையேனும் எட்டவில்லை. பிறப்பால் இயல்பாகக் கூடிய மக்களையும் இவை தம்மிடத்தே வைத்துக்கொள்ள இயலாமல் வெளியே அனுப்பின என்பதே இதன் பொருள். நகரங்கள் யாண்டும் நாட்டுப்புறத்தினும் விரைந்து வளர்ந்தன என்னும் பொதுக்கருத்து இந்நகரங்கள் அளவில் பொருந்தாது.

5. பஞ்சம் புகுந்த பத்தாண்டு

முதல் இரு கணக்குக்களுக்கு இடையே 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் நிகழ்ந்தது. மாகாணத்தின் தொகை 1871-இல் 3 கோடியே 12 இலட்சத்துக்கு மேலிருந்தது. பத்தாண்டு கழித்து 3 கோடியே 8 இலட்சத்து அளவிற்குக் குறைந்தது. சேலம் மாவட்டத்தில் மட்டும் 19,66,995 என்ற தொகை 15,99,595 ஆகச் சுருங்கிற்று. ஐவரில் ஒருவர் ஏறத்தாழ இல்லாமற் போயினர். இறந்தவரும் ஊரைவிட்டுச் சென்றவரும் இதனுள் அடங்குவர்.

ஆனால் சேலம் நகரின் தொகை அதே பத்தாண்டுகளில் 50,012-இலிருந்து 50,667 ஆயிற்று. மாவட்டம் மெலிந்தபோது நகரம் மெலியவில்லை. மதுரையோ 51,987-இலிருந்து 73,807 ஆக நூற்றுக்கு 42 வீதம் பெருகியது. நகரங்களில் கஞ்சித்தொட்டிகள் இருந்தன. தானிய வணிகர் இருந்தனர். புகைவண்டியில் வந்திறங்கிய அரிசி முதலில் நகரையே அடைந்தது. வாடிய புலத்தை விட்டு வந்தோர் நகரங்களில் தங்கினர் எனக் கருதுதல் பொருந்தும். இது வளத்தால் விளைந்த பெருக்கமன்று. சுற்றுப்புறத்து வறுமையின் நிழல் நகரத்துத் தொகையில் வீழ்ந்ததேயாகும். ஒரு நகரின் தொகை கூடியதைக் கண்டவுடன் அதனை முன்னேற்றம் எனப் போற்றுவோர் இப்பத்தாண்டின் எண்களை ஒருமுறை நினைத்தல் நன்று.

இவ்விடத்து மற்றொரு செய்தியும் குறிக்கத்தக்கது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கறிக்கையை எழுதிய கார்னிஷ், பஞ்ச காலத்தில் மாகாணத்தின் நலவழி ஆணையராய் இருந்தார். 1877-இல் ரிச்சர்டு டெம்பிள், பஞ்சப்பணி செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே போதும் எனக் குறைத்தபோது, அவ்வளவு உயிர் தாங்கப் போதாது எனக் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். மக்களை எண்ணத் தலைப்பட்டவரே அவர்கள் உண்ணும் அளவுக்காக வழக்காடினார். மக்கட்டொகை என்பது வெறும் எண் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

6. இருப்புப்பாதை வந்த நகரங்களும் வளராத நகரங்களும்

நகரப் பெருக்கத்திற்கு இருப்புப்பாதையே காரணம் என்று கூறுவாருண்டு. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை முதற்பாதை திறக்கப்பெற்றது. பின்னர் மேற்கே சேலம், போத்தனூர் வழி மலையாளக் கரைக்கும், தெற்கே மதுரை வழித் தூத்துக்குடிக்கும் பாதைகள் சென்றன. இருப்புப்பாதை சந்திகளாய் அமைந்த ஊர்கள் பல உயர்ந்தன. தெலுங்கு நாட்டில் கிருட்டிணை ஆற்றங்கரையிலுள்ள விசயவாடை 1901-இல் 24,224 பேர் வாழ்ந்த ஊர். ஐம்பதாண்டு கழித்து 1,61,198 பேர் வாழும் நகரம். நம் நாட்டில் ஈரோடும் விழுப்புரமும் இவ்வகையின.

ஆயின் இருப்புப்பாதை ஒன்றே போதுமாயின் தஞ்சையன்றோ முதலில் வளர்ந்திருத்தல் வேண்டும்? நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழித் திருச்சிராப்பள்ளி வரை 1862-க்குள் பாதை அமைந்துவிட்டது. மதுரைக்குப் புகைவண்டி வந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1875-இல். முன்னர்ப் பெற்ற நகர் நின்றது. பின்னர்ப் பெற்ற நகர் ஓடியது. பாதை பொருளையும் மக்களையும் இரு திசையிலும் கொண்டு செல்லும். ஓர் ஊரில் மக்களை ஈர்க்கும் தொழில் இருப்பின் அவ்வூர்க்குக் கொணரும். இல்லையாயின் அவ்வூரிலிருந்து வெளியே கொண்டுபோகும். தஞ்சைக்கு நேர்ந்தது பின்னது.

தஞ்சை 1855 வரையில் மராட்டிய மன்னரின் தலைநகராய் இருந்தது. அவ்வாண்டில் அரசு ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர், அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்த இசைவாணரும் ஆடல் வல்லாரும் கைவினைஞரும் புரவலரை இழந்தனர். கலைஞர் பலர் நாளடைவில் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். சுற்றியுள்ள வயல்களோ காவிரி நீரால் வளம் பெற்றவை. ஆயின் அவ்வளம் நிலவுடைமையாளர் சிலரிடத்தே தங்கிற்று. அவர்கள் பொருளை நிலத்திலும் கோயிற் கொடையிலும் மக்களின் கல்வியிலும் செலவிட்டனர். ஆலை நிறுவுவதில் செலவிட்டது சிறிதே. கும்பகோணத்தில் 1854-இல் தோன்றிய பள்ளி பின்னர்ப் புகழ்மிக்க கல்லூரியாயிற்று. அங்குக் கற்றவர் வழக்கறிஞராகவும் அலுவலராகவும் உயர்ந்து பிறவிடம் சென்றனர். நிலமற்ற உழவர் நாகப்பட்டினத்துத் துறையில் கப்பலேறி மலேயாவுக்கும், பிற வழிகளில் இலங்கைக்கும் பர்மாவுக்கும் சென்றனர். கற்றோர்க்குச் சென்னையும், கல்லாதார்க்குக் கடல் கடந்த தோட்டங்களும் நகரங்களாய் அமைந்தன. காவிரி நாட்டின் பெருக்கம் காவிரி நாட்டு நகரங்களிற் காணப்படாமைக்கு இதுவே முதன்மையான காரணம் என்பது நம் துணிபு.

7. கரிசலும் பஞ்சும் மின்னாற்றலும்

நீர்வளம் குன்றிய மேற்கு, தெற்கு மாவட்டங்களின் வரலாறு வேறு. அங்கே கரிசல் நிலம் பருத்திக்கு ஏற்றது. பருத்தி உணவுப் பயிர் அன்று. விற்றே தீர வேண்டிய பயிர். விற்பதற்குச் சந்தை வேண்டும். கொட்டை நீக்க ஆலை வேண்டும். பொதி கட்டி அனுப்பப் பாதையும் துறைமுகமும் வேண்டும். ஆகவே நெல் விளைந்த நாட்டினும் பருத்தி விளைந்த நாட்டில் ஊர்கள் நகரங்களாதற்கு வாய்ப்பு மிகுதியாயிற்று. முத்துக்குளித் துறையாய் விளங்கிய தூத்துக்குடி, 1876-இல் இருப்புப்பாதை வந்தபின் பருத்தி ஏற்றுமதித் துறைமுகமாய்ப் பெருகியது. 1901-இல் அங்கு 28,048 பேர் வாழ்ந்தனர்.

ஏற்றுமதியோடு நில்லாமல் நூற்பாலைகளும் எழுந்தன. சென்னையில் பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றின. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் ஆலை 1888-இல் எழுந்தது. மதுரையில் ஹார்வி ஆலை 1892-இல் இயங்கத் தொடங்கிற்று. ஆலைத் தொழிலாளர் என்னும் புதிய குடியினர் நகரங்களில் நிலைத்தனர். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தமை, இக்குடியினர் தம்மை ஒரு வகுப்பாக உணரத் தொடங்கியதற்கு அறிகுறியாகும். மதுரையிலும் சேலத்திலும் கைத்தறி நெசவாளர், சிறப்பாகச் சௌராட்டிரக் குடியினர், முன்னரே திரண்டு வாழ்ந்தமையால் பஞ்சும் நூலும் துணியும் ஒரே நகரில் கைமாற இயன்றது.

எனினும் இந்நகரங்களின் வளர்ச்சி இடையறாது நடந்ததன்று. 1911-ஆம் ஆண்டுக் கணக்கில் கோயம்புத்தூர் 53,080-இலிருந்து 47,007 ஆகவும், சேலம் 70,621-இலிருந்து 59,153 ஆகவும் குறைந்தன. பிளேக் நோய்க்கு அஞ்சி மக்கள் வீடுகளை விட்டு ஊர்ப்புறத்தே தங்கினமை இதன் பெருங்காரணங்களுள் ஒன்று. 1918-இல் இன்புளூயன்சா காய்ச்சல் நாடெங்கும் பரவிற்று. 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் சென்னை நூற்றுக்கு 2 வீதமும் பெருகவில்லை; திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, கும்பகோணம் ஆகிய நான்கும் குறைந்தன. நெருக்கமாய் வாழ்தல் நோய்க்கு வழி என்பதை நகரங்கள் உயிர் கொடுத்துக் கற்றன.

1921-க்குப் பின்னர் நிலை மாறிற்று. அடுத்த பத்தாண்டில் சென்னை நூற்றுக்கு 23 வீதமும் மதுரை 31 வீதமும் வளர்ந்தன. 1920-களின் இறுதியில் தென்னிந்திய இருப்புப்பாதையின் பெருந்தொழிற்சாலை நாகப்பட்டினத்தை விட்டுத் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைக்கு மாறியது. ஒரு தொழிற்சாலையின் இடமாற்றம் ஒரு துறைமுக நகரின் தளர்ச்சியையும் ஓர் உள்நாட்டு நகரின் உயர்ச்சியையும் ஒருங்கே விரைவுபடுத்தியது. 1932-இல் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் கோயம்புத்தூரை அடைந்தது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, அங்கிருந்தும் சில ஆண்டுகளில் மின்சாரம் வந்தது. நிலக்கரி கிடையாத நாட்டில் மின்னாற்றல் ஆலைகளை எளிதில் பெருக்கியது. கோயம்புத்தூர் பிற்காலத்தே பெற்ற சிறப்பு இவ்வாண்டுகளில் வேரூன்றியதாகும்.

8. ஈர்ப்பும் உந்துதலும்

நகரத்தை நோக்கி மக்கள் வருவதற்கு இருவகைக் காரணங்கள் உள. நகரம் கூலியும் கல்வியும் காட்டி ஈர்ப்பது ஒன்று. நாட்டுப்புறம் வாழ்வு தராது உந்துவது மற்றொன்று. 1930-களில் இவ்விரண்டும் ஒருங்கே தொழிற்பட்டன. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல்லின் விலை பாதியளவுக்குச் சரிந்தது. கடன் கொடுப்போர் கைசுருக்கினர். மலேயாவில் இரப்பர்த் தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தமையால் தொழிலாளர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். 1942-இல் பர்மாவிலிருந்து போருக்கு அஞ்சி மக்கள் நடந்தே வந்தனர். முற்காலத்தே நாட்டுப்புறத்தின் மிகுதியை ஏற்றுக்கொண்ட கடல்கடந்த நாடுகள் கதவடைத்தபோது, அம்மிகுதி உள்நாட்டு நகரங்களையே நாட வேண்டியதாயிற்று.

இக்கருத்துக்கு எண்களே சான்று. தமிழ்நாட்டு எல்லைக்குள் நகரங்களில் வாழ்வோர் 1901-இல் நூற்றுக்கு 14.15 வீதம், 1921-இல் 15.85 வீதம். இருபதாண்டுகளில் பெருமாற்றம் இல்லை. 1931-இல் 18.02 ஆகவும், 1941-இல் 19.70 ஆகவும், 1951-இல் 24.35 ஆகவும் அது உயர்ந்தது. இறுதிப் பத்தாண்டின் பாய்ச்சலே பெரிது. அப்பத்தாண்டில் நாடு நூற்றுக்கு 15 வீதம் பெருக, மதுரையும் கோயம்புத்தூரும் 50 வீதத்துக்கு மேல் பெருகின. நாற்பதாண்டு நின்ற தஞ்சையும் நூற்றுக்கு 47 வீதம், கும்பகோணம் 37 வீதம் உயர்ந்தன. இவ்விரு நகரங்களிலும் அக்காலத்தே பெருந்தொழில் எதுவும் புதிதாய்த் தோன்றவில்லை. போர்க்காலத்துப் பங்கீட்டு முறையால் நகரத்தில் அரிசி உறுதியாய்க் கிடைத்தமையும், சிற்றூரில் வேலை அரிதானமையும், அயல்நாட்டு வழிகள் அடைபட்டமையும் மக்களை அங்குத் தங்கச் செய்தன எனக் கொள்ளுதலே தக்கது. அடுத்த பத்தாண்டு இதனை வலியுறுத்தும். 1951-இல் 91,643 ஆக இருந்த கும்பகோணம் 1961-இல் 92,581 ஆகவே நின்றது. உந்துதல் தளர்ந்தவுடன் பெருக்கமும் நின்றுவிட்டது. தொழிலின் மேல் நிலைபெறாத பெருக்கம் நிலைபெறாது என்பது இதனாற் பெறப்படும்.

9. நீரை விட்டு அகன்ற நகரங்கள்

இவ்வாராய்ச்சியில் வெளிப்படும் முடிவுகளுள் மிக இன்றியமையாதது ஒன்றை இனிக் கூறுவோம். நம் பழைய நகரங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில் எழுந்தன. புகாரும் உறையூரும் காவிரியையும், மதுரை வையையையும், கொற்கை பொருநையையும் சார்ந்தவை. நீர் இருந்தவிடத்து நெல்லும், நெல் இருந்தவிடத்து மக்களும் திரண்டனர். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்நெறி மாறிற்று. மக்கள் திரண்ட இடங்களோ பருத்தியும் ஆலையும் மின்னாற்றலும் அலுவலகமும் உள்ள வறண்ட பகுதிகள். நீர் உள்ள காவிரி நாட்டு நகரங்கள் நின்றன. நீர் குன்றிய நகரங்கள் பெருகின.

ஆதலின் பெருகிய ஒவ்வொரு நகரின் வரலாறும் நீரைத் தொலைவிலிருந்து கொணர்ந்த வரலாறாகவே அமைகின்றது. சென்னை 1872-இல் செங்குன்றம் ஏரியின் நீரைப் பெற்றது. அது போதாமையால் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பெற்றது. 2004-இல் வீராணம் ஏரியிலிருந்தும் நீர் வந்தது. கோயம்புத்தூர் சிறுவாணியை நம்பிற்று; சேலம் காவிரியை மேட்டூரிலிருந்து பெற்றது; மதுரைக்கு 1959-இல் வையை அணை துணையாயிற்று. இவ்வளவு முயன்றும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. வளர்ச்சி ஒருபுறமும் நீர் மற்றொரு புறமும் நின்ற முரண்பாடு 1871-இலேயே வித்திடப்பட்டது என்பதை வரலாறு அறிந்தார் உணர்வர்.

10. முடிவுரை

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். 1901-இல் தமிழ்நாட்டு நகரங்களில் ஏறத்தாழ 27 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1951-இல் 73 இலட்சம் பேர் வாழ்ந்தனர். இப்பெருக்கம் எல்லா நகரங்களுக்கும் பொதுவாய் நிகழ்ந்ததன்று. பருத்தியும் ஆலையும் பெற்ற நகரங்கள் தொடர்ந்து வளர்ந்தன. நெல்லையும் நிலவுடைமையையும் சார்ந்த நகரங்கள் தம் மக்களைப் பிறவிடத்துக்கு அனுப்பிவிட்டு நின்றன. இருப்புப்பாதை இவ்விரு போக்குக்களையும் விரைவுபடுத்தியதேயன்றி எதனையும் தானே தோற்றுவிக்கவில்லை. பஞ்சத்தாலும் விலைவீழ்ச்சியாலும் போராலும் நேர்ந்த பெருக்கத்தை, தொழிலால் நேர்ந்த பெருக்கத்தினின்றும் பிரித்தறிதல் வேண்டும்.

1951-க்குப் பின் வந்த எண்களை ஆராய்வார்க்கும் இவ்வெச்சரிக்கை பயன்படும். தமிழ்நாட்டில் நகரங்களில் வாழ்வோர் 1991-இல் நூற்றுக்கு 34.15 வீதம், 2001-இல் 44.04 வீதம், 2011-இல் 48.40 வீதம். இவற்றுள் 1991-க்கும் 2001-க்கும் இடைப்பட்ட பாய்ச்சலில், நகரம் என எண்ணப்பட்ட ஊர்கள் 469-இலிருந்து 832 ஆனமையும் அடங்கியுள்ளது. சிற்றூரில் உறங்கியவர் பலர் தம் வீட்டிலிருந்தபடியே நகரத்தவராய் எழுந்தனர். 1901-இல் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழ்ந்த திருப்பூர் 2011-இல் 4,44,352 பேர் வாழும் மாநகரானதோ பின்னலாடைத் தொழிலின் வலியால். இரண்டும் கணக்கேட்டில் நகரப் பெருக்கம் என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதப்படுகின்றன. ஆயின் முன்னதற்கு வேண்டுவது பெயர்ப்பலகை, பின்னதற்கு வேண்டுவது வீடும் நீரும் கழிநீர்வழியும்.

ஓர் ஊரை அதன் தொழிலால் பெயரிட்டு அழைத்த நம் முன்னோரின் நெறி, எண்களை ஆளும் இக்காலத்தும் கைவிடத்தக்கதன்று. எத்தனை பேர் வந்தனர் என்று கேட்பதோடு, எங்கிருந்து வந்தனர், எதனை விட்டு வந்தனர், எதனை நம்பி வந்தனர் என்றும் கேட்டாலன்றி நகர வரலாறு நிறைவுறாது. மாவட்டந்தோறும் நகராண்மைக் கழகங்களின் பழைய பதிவேடுகளும் கோயிற் கணக்குக்களும் ஆலைகளின் ஊதியப் பதிவுகளும் இன்னும் ஆராயப்பெறாமற் கிடக்கின்றன. கறையான் உண்ணுமுன் அவற்றைத் தொகுத்து ஆராய்தல், தமிழ் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் கூடிச் செய்யத்தக்க பணியாகும்.